நியூஜெர்சி ஏழை விடுதியின் இரண்டு வாசல்கள்

நெவார்க் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி கேள்வி கேட்டது என் வீட்டுக்காரரிடம். பதில் சொன்னது நான். யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்றார். மகள் வீட்டுக்கு என்றேன். எந்த ஊர் என்றார். ஈஸ்ட் பிரன்ஸ்விக் என்றேன். அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மா, நீங்கள் கொஞ்சம் இருங்கள். அவர் பேசட்டும்" என்றார்.

"அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நல்ல மனிதர், நம்பிவிட்டார். குரலை உயர்த்தி மறுபடியும் கேட்டார். என் வீட்டுக்காரர் அழகாகச் சிரித்துக்கொண்டே, "டாட்டர். சுகன்யா" என்றார். முத்திரை விழுந்தது. வெளியே வந்து மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுவரை சொல்வார். கெட்டுக்கொண்டிருப்பது ஞாபகம். போன வருஷம் கோபிசெட்டிபாளையத்தில், கறிவேப்பிலை வாங்கப் போன மனிதரைக் காணோமே என்று தேடிப் போனேன். எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி நின்று ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் வீடு எது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் பேரன் பெயர் போயிற்று. அப்புறம் மாத்திரை போட்டோமா இல்லையா என்பது. நான் அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு பயம்.

பிள்ளைகளிடம் சொல்லவில்லை. வீடியோ கால் வருவதற்கு முன்பு அவருக்கு ஒரு ஒத்திகை வைப்பேன். "பேரன் பேரு துருவ். ஒண்ணாங் கிளாஸ். பல்லு விழுந்திருக்குது, அதைக் கேளுங்க" என்பேன். அவரும் பல்லைக் கேட்பார். அதோடு நான் போனை வாங்கிக்கொள்வேன். அப்பா ரிட்டயர்மெண்ட்டுக்கு அப்புறம் ரொம்ப அமைதி ஆயிட்டார் என்று பிள்ளைகள் இரண்டு பேரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

ஏன் சொல்லவில்லை என்றால், டெக்சாஸில் இருக்கும் என் மகன் பிரபு எதையும் உடனே தீர்த்துவைக்கிற ஆள். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் படங்களை ஒருமுறை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். புல்வெளி, நூலகம், வெள்ளைச் சீருடையில் நர்சுகள். "சும்மா தெரிஞ்சுக்கத்தாம்மா" என்று கீழே எழுதியிருந்தான். அந்தச் 'சும்மா' எனக்கு மறக்கவே இல்லை. அவரை அங்கே ஒரு கட்டிலில் போட்டுவிட்டு என்னை இங்கே ஒரு சமையலறையில் வைத்துக்கொள்வார்கள் என்று மனது கணக்குப் போடும்.

விமானத்தில் வந்தது பெரிய கஷ்டமில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் கல் மாதிரி இருக்கிற அப்பா அம்மாவுக்கும் வீல்சேர் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் யாராவது தள்ளிக்கொண்டு போய் சரியான கேட்டில் விடுவார்கள், ஆங்கிலம் பேச வேண்டாம், வழி தேட வேண்டாம். சென்னையில் வரிசையாக உட்கார்ந்திருந்த வீல்சேர்களில் பாதிப்பேர், காபிக்கடையைப் பார்த்ததும் எழுந்து நடந்து போய் காபி வாங்கிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான் அது உண்மையிலேயே தேவைப்பட்டது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வந்த மறுநாள் காலை இட்லிக்கு முன்னால் இடி விழுந்தது. சுகன்யாவுக்கு ஏழாம் மாதம். மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, டெலிவரி முடியற வரைக்கும் நீ இங்க இரு. அப்பாவை நெக்ஸ்ட் வீக் டெக்சாஸுக்கு, அண்ணா வீட்டுக்கு அனுப்பிடலாம். அண்ணிக்கு ஆபீஸ் வரச் சொல்லிட்டாங்க. துருவ் ஸ்கூல் வாக் பண்ற டிஸ்டன்ஸ்தான். அப்பா காலைல டிராப் பண்ணி ஈவ்னிங் பிக்கப் பண்ணினா போதும். டைரக்ட் ஃபிளைட், வீல்சேர் போட்டுடலாம்."

ஆறு வயதுப் பையன் கையைப் பிடித்துக்கொண்டு, சொந்தத் தெருவில் வீடு தெரியாதவர் டெக்சாஸ் ரோட்டைத் தாண்டுவதை நினைத்தேன். கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டேன்.

"ரெண்டு பேரும் சேர்ந்தே இருக்கட்டுமே கண்ணு" என்றேன்.

"என்னம்மா, புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி! த்ரீ, ஃபோர் மந்த்ஸ்தானே? டெய்லி ஃபேஸ்டைம் பண்ணிக்கோங்க" என்று சிரித்தாள். மாப்பிள்ளை கார்த்தியும் சிரித்தார். என் வீட்டுக்காரர் சட்னியைத் தொட்டுக்கொண்டே, "போலாமே. பேரனைப் பார்த்து நாளாச்சு" என்றார். அப்பாவே சரி என்றபிறகு அம்மா என்ன சொல்வது?

இது எங்களுக்கு மட்டும் வந்த விதி இல்லை என்பது சாயங்காலமே தெரிந்தது. இந்திய மளிகைக்கடைக்குக் கூட்டிப் போனாள். முருங்கைக்காய் ஈர்க்குச்சி மாதிரி இருந்தது, அதையும் ஆள் ஆளுக்கு முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற சேலத்து அம்மாள் ஒருத்தர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன்.

"அவரு கலிபோர்னியால, சான் ரமோன்ல இருக்காருங்க, பெரியவன் வீட்டுல. நான் இங்க சின்னவன் வீட்டுல. ஆளுக்கொருத்தரா பிரிச்சுக்கிட்டாங்க. திரும்பிப் போறப்பதான் ஏர்போர்ட்ல பார்த்துக்குவோம்" என்றார்.

"கஷ்டமா இல்லீங்களா?"

"கஷ்டம்னு சொன்னா நல்லாவா இருக்கும்? இந்த வயசுல" என்று சொல்லி, ஒரு கட்டு கொத்தமல்லியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். எனக்கு அந்த அம்மாளைப் பார்க்கவே பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரோடு தனியாகப் பேச முயன்றேன், நிஜமாகவே டெக்சாஸ் போகிறீர்களா என்று. "டெக்சாஸா? யாரு போறாங்க?" என்று கேட்டார்.

சனிக்கிழமை மாப்பிள்ளை எங்களை ஆப்பிள் பறிக்க அழைத்துப் போனார். ஆப்பிள் பறிப்பது இந்த ஊரில் ஒரு திருவிழா. பறிப்பதற்குக் காசு கொடுத்துவிட்டுப் பறிக்கவேண்டும். நம் ஊரில் கூலி கொடுத்துப் பறிக்கச் சொல்லும் வேலையை இவர்கள் டிக்கெட் போட்டு விற்கிறார்கள் என்று நான் சொன்னதற்கு, ரொம்ப நாளைக்குப் பிறகு என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் வேளாண்மைத் துறையில் அலுவலராக இருந்தவர். மேற்கே போகப் போக மேடும் பள்ளமுமாகச் சோளக்காடுகள் வந்தன. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பின்சீட்டில் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச்சாதமும் வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு, மகளிடம் உண்மையை எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில் டயர் போயிற்று. இந்தக் கால வண்டிகளில் ஸ்டெப்னியே கிடையாதாம். இழுத்துப்போகிற லாரி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை. சுற்றிலும் ஒரு வீடு இல்லை, கடை இல்லை. அந்த நேரம் பார்த்துச் சுகன்யா, "அம்மா, எனக்கு அர்ஜெண்ட்டா ரெஸ்ட்ரூம் போகணும்" என்றாள். ஏழு மாத வயிறு சொன்னால் கேட்குமா? ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, புல்வெளிக்கு நடுவே ஒரு பெரிய கல் கட்டடம் தெரிந்தது. 'மியூசியம், இன்று திறந்திருக்கிறது' என்று ஒரு பலகை இருந்தது. மாப்பிள்ளையை வண்டியோடு விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் நடந்தோம். என்ன மியூசியம் என்று யாரும் கேட்கவில்லை.

உள்ளே ஜூடித் என்று ஒரு அம்மாள் இருந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் வந்து கட்டடத்தைச் சுற்றிக்காட்டுகிறவர். அன்றைக்கு எங்களைத் தவிர வேறு ஆளே வரவில்லை போலிருக்கிறது, எங்களைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சுகன்யா ரெஸ்ட்ரூமுக்கு ஓடினாள். இது என்ன இடம் என்று நான் கேட்டேன்.

"இந்த வட்டாரத்தின் ஏழை விடுதி. இங்கிலாந்தில் விக்டோரியா ராணி காலத்தில் ஒர்க்ஹவுஸ் என்று கட்டினார்களே, அதன் அமெரிக்கத் தங்கை. அங்கே போட்ட சட்டதிட்டத்தைப் பார்த்துத்தான் இங்கேயும் கட்டினார்கள்" என்றார்.

அதற்கு முன்பு ஏழைகளை இந்தப் பக்கத்தில் ஏலம் விட்டிருக்கிறார்களாம். நம் ஊர் ஏலத்தில் அதிகம் கேட்பவருக்குப் பொருள். இங்கே குறைத்துக் கேட்பவருக்கு ஆள். "இந்தக் கிழவனை ஒரு வருஷம் சோறு போட்டு வைத்துக்கொள்ள ஊர் எனக்கு இவ்வளவு கொடுத்தால் போதும்" என்று யார் எல்லாரையும்விடக் குறைவாகச் சொல்கிறாரோ, அவர் வீட்டுக்குக் கிழவன் போகவேண்டும். என்ன சாப்பாடு போட்டிருப்பார்கள் என்று நானே நினைத்துப் பார்த்துக்கொண்டேன். அப்புறம்தான் இந்த மாதிரி விடுதிகள் வந்தன. வேலையில்லாதவர், கிழவர், நோயாளி, புத்தி பேதலித்தவர், கணவன் இல்லாமல் கர்ப்பமானவள் எல்லாருக்கும் ஒரே கூரை.

என் வீட்டுக்காரர் அதற்குள் ஜன்னல் வழியே வயலைப் பார்த்து, இங்கே என்ன விளைந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். சோளம், உருளைக்கிழங்கு, மாட்டுக்கு வைக்கோல், எல்லாம் விடுதிக்காரர்களே விளைவித்தது என்றார் ஜூடித். உடனே இவர் மண்ணின் நிறம், வடிகால், தொழு உரம் என்று ஆரம்பித்துவிட்டார். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. திரும்பி வந்த சுகன்யா அதைக் கேட்டுவிட்டு, "பார்த்தியாம்மா, அப்பா இன்னும் அப்படியே இருக்கார்" என்றாள். நான் சேர்த்துவைத்த வாக்கியங்கள் எல்லாம் தொண்டைக்குள்ளேயே போய்விட்டன.

முன்னறையைத் தாண்டியதும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாசல்கள். ஒன்றின்மேல் ஆண்கள் என்றும் இன்னொன்றின்மேல் பெண்கள் என்றும் செதுக்கியிருந்தது.

"இங்கே எங்களுக்கு ஒரு வழக்கம். அன்றைக்கு அவர்கள் எப்படி நுழைந்தார்களோ அப்படித்தான் பார்வையாளர்களும் நுழையவேண்டும். கணவன் அந்தப் பக்கம், மனைவி இந்தப் பக்கம். அம்புக்குறியைப் பார்த்துப் போனால் கடைசியில் சாப்பாட்டுக் கூடத்தில் சந்தித்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்" என்றார் ஜூடித்.

"நானும் அவர்கூடவே போறேன். அவருக்குப் படி ஏற முடியாது" என்றேன்.

"அம்மா! அப்பா உன்னைவிட ஃபிட். கொஞ்சம் ஃப்ரீயா விடும்மா அவரை" என்றாள் சுகன்யா. அவளுக்குக் கால் வீங்கியிருந்தது, முன்னறை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் தலை இடிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்சம் குனிந்தபடி உள்ளே போனார். பின்னாலேயே ஓடியிருக்கலாம். மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று நின்றேன்.

பெண்கள் பக்கம் ஜூடித் என்னோடு வந்தார். முதல் அறையில் வந்தவர்களின் துணிமணியை வாங்கிக்கொண்டு, குளிக்க வைத்து, விடுதிச் சீருடையைக் கொடுப்பார்களாம். கூட வந்த பிள்ளைகளை இங்கேயே பிரித்து மூன்றாவது பக்கம் அனுப்பிவிடுவார்கள். சட்டம் போட்டவர்களின் யோசனை என்னவென்றால், வெளியே பட்டினி கிடக்கிறவனுக்கும் உள்ளே வரப் பயமாக இருக்கவேண்டும். அப்படிப் பயம் இருந்தால்தான் சோம்பேறிகள் வரமாட்டார்களாம். தாது வருஷப் பஞ்சத்தில் நம் பக்கத்தில் எலும்பும் தோலுமாக வந்தவர்களைக் கல் உடைக்க விட்டுக் கஞ்சி ஊற்றினார்கள் என்று படித்திருக்கிறேன். அதுவும் அதே ராணி காலம், அதே யோசனை.

இரண்டாவது அறையில் தார் பூசிய பழைய கப்பல் கயிறு ஒரு மேஜைமேல் கிடந்தது. அதை விரலாலும் ஆணியாலும் பிரித்துப் பிரித்துப் பஞ்சாக்க வேண்டும். தொட்டுப் பாருங்கள் என்றார் ஜூடித். தொட்டேன். கட்டை மாதிரி இருந்தது. இங்கிலாந்து விடுதிகளில் கிழவிகளுக்கும் இதுதான் வேலையாம். என் காது சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தது. மரத்தரை, என் வீட்டுக்காரர் நடந்தால் சத்தம் கேட்கவேண்டும். முதலில் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

"ஆண்கள் பக்கத்துக்கு வேறு வழி ஏதாவது இருக்கிறதா?" என்றேன்.

"பின்னால் ஒரு கதவு உண்டு, தோட்டத்துக்குப் போகும். ஏன்?"

"சும்மாதான்" என்றேன். என் பிள்ளையைப் போலவே சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது அறை துணி துவைக்கிற இடம். நாலாவது பெண்கள் படுக்கை அறை. அங்கே ஜன்னலுக்கு வெளியே ஒரு உயரமான மதில் தெரிந்தது. அந்தப் பக்க முற்றம் ஆண்களுக்கு, இந்தப் பக்க முற்றம் பெண்களுக்கு. அறுபது வயதில் கை கோத்துக்கொண்டு வந்த கிழவனும் கிழவியும்கூட அந்த மதிலுக்கு இரண்டு பக்கமும் இருக்கவேண்டியதுதான். ஜூடித் இன்னும் நிறையச் சொன்னார், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அவரை முந்திக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினேன்.

நீள நீள பெஞ்சுகள், எல்லாம் ஒரே திசையைப் பார்த்துப் போட்டவை. யாரும் யார் முகத்தையும் பார்த்துச் சாப்பிடக் கூடாது என்று அப்படி. கூடத்தில் என் வீட்டுக்காரர் இல்லை.

"ஏனுங்க!" என்று கூப்பிட்டேன். என் குரல்தான் திரும்பி வந்தது. போனில் அடித்தேன். என் கைப்பைக்குள்ளேயே மணி அடித்தது. அவர் போனைத் தொலைத்துவிடுவார் என்று காலையில் நானே வாங்கி வைத்திருந்தேன்.

ஜூடித் பின்கதவைத் திறந்து பார்த்தார். அது தாழிடாமல்தான் இருந்தது. நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். தோட்டத்துக்கு அப்புறம் புல்லுக்குள் வரிசையாகச் சின்னச் சின்னக் கற்கள். கிட்டே போனால் ஒவ்வொன்றிலும் ஒரு எண். பெயர் இல்லை. விடுதியில் செத்தவர்களைப் புதைத்த இடம் என்று பின்னாலேயே வந்த ஜூடித் மூச்சு வாங்கச் சொன்னார். கேட்க ஆளில்லாத உடல்கள் சில, மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடுமாம். எங்கள் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான், நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கற்களுக்கு அந்தப் பக்கம் ரோடு. ரோட்டில் லாரிகள் பறந்தன. எந்தப் பக்கம் போயிருப்பார்? யாரிடம் என்ன சொல்வார்? மகள் பெயரையாவது சொல்வாரா? தெய்வமே, அவர் கண்ணில் படட்டும், நான் எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டேன்.

"உள்ளேயும் ஒரு தடவை பார்ப்போம்" என்று ஜூடித் என் முழங்கையைப் பிடித்து ஆண்கள் பக்கம் கூட்டிப்போனார்.

ஆண்கள் படுக்கை அறையில், மூலைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைத்திருந்தார். ஸ்வெட்டரை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார். அதன்மேல் கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி. இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குக் காத்திருக்கிற உள்நோயாளி மாதிரி இருந்தார்.

"வந்துட்டியா? உன்னை எந்தப் பக்கம் போட்டிருக்காங்க?" என்றார்.

கட்டிலுக்குக் கிட்டே போனேன்.

"பசங்க கெளம்பிட்டாங்களா? பரவால்ல. எடம் சுத்தமாத்தான் இருக்குது. அவங்களையும் தப்புச் சொல்ல முடியாது, அவங்கவுங்களுக்கு வேலை இருக்குதல்ல. உன்னை எங்க விட்டாங்கன்னுதான் தெரியாம உக்காந்திருந்தேன்."

"யாரும் எங்கயும் விடலீங்க. மியூசியம் பார்க்க வந்தோம். எந்திரிங்க" என்றேன். கீழே உட்கார்ந்து அவருக்கு ஷூ போட்டுவிட்டேன். கயிறு கட்ட விரல் வரவில்லை. ஜூடித் குனிந்து கட்டிவிட்டார். எங்கள் பேச்சில் ஒரு சொல்கூட அவருக்குப் புரிந்திருக்காது.

"எவ்வளவு காலமாக?" என்று கேட்டார்.

"ஒரு வருஷம்" என்றேன். முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரியிடம்.

"மகளுக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இங்கிலாந்தில் பிற்பாடு ஒரு சட்டம் வந்தது. அறுபது தாண்டிய தம்பதி கேட்டால் அவர்களுக்குச் சேர்ந்து இருக்க ஒரு அறை கொடுக்கலாம் என்று. அறை கொடுத்த விடுதிகள் குறைவுதான். ஆனால் கேட்டவர்களும் குறைவு. இந்த வயதில் இதைப் போய்க் கேட்பதா என்று வெட்கப்பட்டிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்" என்றார். நான் என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டேன்.

முன்னறைக்கு வந்தோம். "எப்படிப்பா இருந்துது?" என்றாள் சுகன்யா. "நல்ல மண்ணு" என்றார் அவர்.

லாரி வந்து வண்டியை இழுத்துப்போய் டயர் மாற்றி முடிப்பதற்குள் மதியம் தாண்டிவிட்டது. ஆப்பிள் தோட்டத்தில் கூட்டம் முட்டியது, பறிக்காமல் வெளிக்கடையிலேயே ஒரு பை வாங்கிக்கொண்டோம். பக்கத்தில் சுடச்சுட ஆப்பிள் டோனட் போட்டார்கள். நம் ஊர் அதிரசத்தை நினைத்து வாங்கினேன், சக்கரைதான் இருந்தது. கார் பானெட்மேல் வைத்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

திரும்பும் வழியில் சுகன்யா போனில் டிக்கெட் பார்த்துக்கொண்டே வந்தாள். "வெட்னஸ்டே மார்னிங் ஒண்ணு இருக்கும்மா. அண்ணாகிட்ட கேட்டுட்டு நாளைக்கு புக் பண்ணிடறேன்" என்றாள். இப்போது சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன். "அந்தத் தண்ணி பாட்டில எடு கண்ணு" என்றுதான் வந்தது. அவள் வயிற்றைப் பார்த்தால் பயம், மாப்பிள்ளையின் பின்னந்தலையைப் பார்த்தால் பயம். கற்களுக்கு நடுவில் தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கு சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை. அவர் என் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. விடிந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன். முகம் கழுவி, தலை சீவி, பொட்டு வைத்துக்கொண்டேன், ஆபீசருக்கு விளக்கம் கொடுக்கப் போகிறவள் மாதிரி. பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. படியில் பாதி இறங்கும்போது பின்பக்கக் கதவு திறந்திருப்பது தெரிந்தது. வெளியே தோட்டத்துப் படிக்கட்டில் அவர் முதுகு. காதில் போன்.

"தூங்கிட்டிருந்தியா தம்பி? அங்க இன்னும் விடியலயா? சரி, நான் சொல்றதக் கொஞ்சம் பொறுமையாக் கேளு" என்றார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"துருவை எங்கிட்ட விடாதே. ஆமா, பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போறதுதான். எனக்கு வழி மறந்து போகுது. இன்னைக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளாவே. கொழந்தையக் கையில பிடிச்சுட்டு நடுரோட்டுல நின்னு எந்தப் பக்கம்னு தெரியாமப் போச்சுன்னா? அதை நெனச்சா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. இன்னைக்குக் காலைல புத்தி தெளிவா இருக்குது. அதான் உடனே கூப்பிட்டேன். நாளைக்கு இதைச் சொல்லணும்கறதே மறந்துருவேன்."

மறுபக்கம் பிரபு என்னவோ பேசினான். அவர் நிறைய நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர்கிட்ட வரேன். நீ சொல்ற எடத்துக்கு வரேன். ஆனா உங்கம்மாவுக்கு இது ஒண்ணும் தெரியாது தம்பி. சொல்லிடாதே. பயந்துக்குவா. அவ கூட இருக்கற வரைக்கும் நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன். எங்களைப் பிரிச்சு மட்டும் வெக்காதீங்க. அதை மட்டும் கேக்கறேன்."

படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். நேற்று அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக நான் அவரை மறைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தார். அவர் போனை வைக்கும்வரை காத்திருந்து, செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு வெளியே போனேன்.

"யாருங்க போன்ல?"

"தம்பிதான். டெக்சாஸ்ல வெயில் ரொம்ப ஜாஸ்தியாம். எனக்கு ஒத்துக்காது, நான் இங்கயே அம்மாகூட இருந்துக்கறேன்னு சொல்லிட்டேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமாங்க. அந்த வெயில் நமக்குத் தாங்காது" என்றேன்.

அவர் கொஞ்சம் நகர்ந்து படியில் இடம் விட்டார். உட்கார்ந்துகொண்டேன்.